கைப்பிடி மண்

எங்கள் தெருவில் வசவு வாங்காத கோழி கிடையாது. முற்றத்தில் காயும் நெல்லில் கால் வைத்தால் "கொள்ளையில போக". வத்தலைக் கிளறினால் "பேதியில போக". வேலி தாண்டி வந்த ஆட்டுக்கு "பாடையில போக". பிள்ளைகளான எங்களுக்குக் "கட்டையில போறவனே" என்பது ஏறக்குறைய கூப்பிடு பெயர். அப்படிக் கூப்பிட்டவள்தான் அடுத்த நொடி தட்டில் சோறு போட்டு, மீனில் முள் எடுத்து வைப்பாள். அசலூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த பெரியாத்தா முதல் வாரம் முழுக்க இதைக் கேட்டு அழுதாளாம். ஒரு வருசம் போனபின் தெருவிலேயே அவள் வாய்க்குத்தான் ஆடுகள் பயந்தன.

எங்கள் ஊர் உப்பூர், ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம், திருப்பாலைக்குடி வழியாகத் தொண்டிக்குப் போகிற கடற்கரைச் சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் உப்பளம். இன்னொரு பக்கம் வானத்தை நம்பின நெல்லும் மிளகாயும். கிழக்கே நடந்தால் வலையும் வள்ளமும். மழை ஏமாற்றும், விலை ஏமாற்றும், சரக்கை வாங்கினவனும் சில சமயம் ஏமாற்றுவான். இப்படிப்பட்ட ஊரில் வாய் அடங்கியிருந்தால்தான் அதிசயம்.

ஆனால் வாயில் வருவது எல்லாம் ஒன்றில்லை என்று அப்பத்தா அடித்துச் சொல்வாள். "வையிறது வாயில இருந்து வரும் அப்பு. சாபம் வயித்துல இருந்து வரும். வாயில வர்றது காத்தோட போயிரும். வயித்துல இருந்து வர்றது போயி ஒரு எடத்துல உக்காரும்." கோழியை வைவது, மருமகளைக் கரிச்சுக் கொட்டுவது, கிணற்றடியில் குடத்துக்குச் சண்டை போடுவது எல்லாம் முதல் வகை. அதில் யாரும் யாரையும் கண்டுகொள்வதில்லை. காலையில் "உன் குடி வெளங்காது" என்றவளும் அதைக் கேட்டவளும் மத்தியானம் சேர்ந்து ஒருத்தி தலையில் இன்னொருத்தி பேன் பார்ப்பார்கள். இரண்டாம் வகை எங்கள் தெருவில் நான் வளர்ந்த காலம் முழுக்க அபூர்வமாகத்தான் நடந்தது. நடந்த அன்று அடுப்புகூட சத்தமில்லாமல் எரிந்தது போல இருந்தது.

முதல் வகை வசவுகளில் இந்தக் கரையின் பழைய சரித்திரம் கிடக்கிறது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. கொள்ளை என்றால் களவு என்று நான் நினைத்திருந்தேன். அது கொள்ளைநோய். பேதி என்றால் வாந்திபேதி, காலரா. ராமேசுவரம் யாத்திரை போகிறவர்கள் நடந்தும் வண்டியிலும் இந்தச் சாலையெல்லாம் நிறைந்து போன காலத்தில், சத்திரத்திலும் ஊருணியிலும் அந்த நோய் கூடவே இறங்கியது. மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் முகாம் போட்டு, தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற கூலி சனங்களைக் கப்பலேற்றுவதற்கு முன் நாள் கணக்கில் தடுத்து வைத்துப் பார்த்ததும் காலராவுக்கும் பிளேக்குக்கும் அம்மைக்கும் பயந்துதான். மண்டபம் கேம்ப் என்ற பெயர் இன்னும் அந்த ரயில் நிலையத்தில் இருக்கிறது. ஒரே வாரத்தில் ஒரு வீட்டில் நாலு பிணம் விழுந்ததைக் கண்ட கிழவிகளின் வாயில்தான் முதலில் அந்த வசவு கிளம்பியிருக்க வேண்டும். நோய் போய்விட்டது. பேத்திமார் அதே சொல்லைச் சொல்லிக் கோழி விரட்டினார்கள்.

இரண்டாம் வகைக்கு முறை உண்டு. அந்த முறைகளை யாரும் எங்களை உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பேச்சுவாக்கில் காதில் விழுந்ததுதான். விளக்கு வைக்கிற நேரத்தில் கெட்ட சொல் ஆகாது. அந்த நேரம் வானத்தில் ஒரு தேவதை "அப்படியே ஆகட்டும், அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிக்கொண்டே போகும், எதுக்கு ஆகட்டும் என்று அதுக்குத் தெரியாது. நாக்கில் கறுப்புப் புள்ளி இருப்பவள் வாக்கு பலிக்கும். நாங்கள் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்திருக்கிறோம். நாவல்பழக் காலத்தில் எல்லாருக்கும் கருநாக்குத்தான். பிள்ளைத்தாச்சி சாபம் விடக் கூடாது. கூலி கொடுக்காமல் அனுப்பப்பட்டவன், தாலியறுத்தவள், தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, இவர்கள் வயிறெரிந்து சொன்னால் தடுக்க ஆளில்லை. நியாயம் இல்லாமல் விட்டால் விட்டவள் தலைக்கே திரும்பும். நியாயம் இருந்து விட்டாலும் பாதி அவளுக்கும் சேரும். இந்தக் கடைசி விதியைத்தான் எல்லாரும் பயந்தார்கள்.

கையில் மண்ணை எடுப்பது எல்லாவற்றுக்கும் மேலே. உச்சிப்பொழுதில், தலையை விரித்துப் போட்டு, அநியாயம் செய்தவன் வீட்டு வாசலில் நின்று, அவன் வாசல் மண்ணையே மூன்று கை வாரி அவன் வீட்டுப் பக்கமாகத் தூற்றுவது. பிறகு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். கிழவிகள் "மண்ணை வாரித் தூத்திட்டா" என்று சொல்லும்போது குரலைத் தணித்துக்கொள்வார்கள். பெரிய இடத்து ஆட்கள் மண் தூற்றியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அவர்களுக்கு வக்கீல் இருந்தார், ஆள் இருந்தது, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு போன் இருந்தது. காளமேகம் கோபத்தில் பாடித் திருமலைராயன்பட்டினத்தின் மேல் மண்மாரி பொழியவைத்தார் என்று கதை சொல்வார்கள். புலவருக்குப் பாட்டு இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு வாசல் மண் இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை, எங்கள் ஊரே சாபம் கழிகிற ஊர். உப்பூர் வெயிலுகந்த விநாயகர் கோயிலின் கதை அதுதான். சிவனை மதிக்காமல் தட்சன் நடத்திய யாகத்துக்குப் போன சூரியனுக்குச் சாபம் விழுந்து ஒளி மங்கியதாம். அதைக் கழித்துக்கொள்ள வழி தேடி இந்தக் கடலோரத்து வன்னிக்காட்டுக்கு வந்து பிள்ளையாரைக் கும்பிட்டு ஒளியைத் திரும்பப் பெற்றதாம். அதனால் அந்தப் பிள்ளையார் தலைக்கு மேல் கூரை இல்லை. வெயில் அவர்மேல் விழ வேண்டும். உத்தராயணத்தில் ஒரு பக்கமும் தட்சிணாயனத்தில் மறு பக்கமும் விழுகிறது என்பார்கள். ராமநாதபுரம் சமஸ்தான தேவஸ்தானத்துக் கோயில் அது. ஆவணிச் சதுர்த்தித் திருவிழாவில் சித்தி, புத்தியோடு பிள்ளையாருக்குத் திருக்கல்யாணம் நடக்கும். வேறு ஊர்களில் ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்திருக்கிறவர் எங்கள் ஊரில் இரண்டு பெண்டாட்டிக்காரர் என்று ஆண்கள் ஒரு மாதிரிச் சிரிப்போடு சொல்வார்கள்.

ராமன் இலங்கைக்குப் போகும் வழியில் முதலில் இங்கே கும்பிட்டு, பிறகு தேவிபட்டினம் கடலுக்குள் ஒன்பது கல் நட்டு நவக்கிரகத்தைக் கும்பிட்டான் என்பது தலபுராணம். அந்த நவபாஷாணத்தில் தோசம் கழிக்க வருகிறவர்கள், திருப்புல்லாணிக்குப் பக்கத்துச் சேதுக்கரையில் முழுக்குப் போடுகிறவர்கள், அங்கிருந்து ராமேசுவரம் போய் அக்கினி தீர்த்தத்தில் தர்ப்பணம் கொடுத்து 22 தீர்த்தமும் ஆடுகிறவர்கள் என்று ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் பஸ் பஸ்ஸாக வருவார்கள். ராமேசுவரம் கோயிலே, பிராமணனான ராவணனைக் கொன்ற பாவம் போக ராமன் லிங்கம் வைத்துக் கும்பிட்டதாகச் சொல்லப்படும் இடந்தானே. சாலையோரத்தில் நின்று பதனீரோ நொங்கோ விற்றபடி அப்பத்தா அந்த பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் சொன்னாள்: "காசியில இருந்து கன்னியாமரி வரைக்கும் உள்ள சனம் அம்புட்டும் தன் சாபத்த நம்ம கரையில எறக்கி வச்சிட்டுப் போறாக. நம்மளுத எங்கிட்டுக் கொண்டுபோயி எறக்குறதாம்?"

எங்கள் வீட்டுச் சாபம் சின்னாத்தா விட்டது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எண்பதுகளின் நடுவில். சின்னய்யா இறந்து ரெண்டு மூணு வருசம் ஆகியிருந்தது. ரெண்டு பிள்ளைகள், மேட்டுக்காடு கொஞ்சம். அதில் மிளகாய் போடுவாள். எங்கள் பக்கத்து மிளகாய் நீளமாக இருக்காது, குண்டாக இருக்கும். முண்டு வத்தல். 2023 இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்றைக்கு அதற்கு எந்தக் குறியீடும் இல்லை, மண்டிக்காரன் வைத்த விலைதான். மாசியில் பழம் எடுக்கத் தொடங்கி, களத்தில் பரப்பிக் காயவைத்து, இருமி இருமி வகை பிரித்து, சாக்கில் மிதித்து அடைத்து வைத்தாள். வத்தல் மிதித்த கால் ராத்திரி எரியும். நல்லெண்ணெய் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள்.

பக்கத்து டவுன் மண்டியில் எடை போட்டார்கள். சாக்கு எடை, ஈரம் என்று கழிவு, அதற்குமேல் தரகு, மகமை எல்லாம் போக ஒரு தொகையைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பணம் அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். முதலாளி மதுரைக்குப் போயிருக்கிறார். கணக்குப்பிள்ளை ஊரில் இல்லை. ஆடி போய் ஆவணி வந்தது. ஒரு நாள் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பைசலான சீட்டும்மா, பணம் போன மாசமே வாங்கிட்டுப் போயிட்டியே" என்றார்கள். அது பென்சிலில் எழுதின சீட்டு. கையெழுத்தும் இல்லை. போலீசுக்குப் போகலாம் என்று யாரோ சொன்னதற்கு, "போனா அவுகளுக்கும் ஒரு சாக்கு வத்தல் குடுக்கணும்" என்றாள்.

அவள் மண் தூற்றியதை நான் பார்க்கவில்லை. தெருவில் பாதிப்பேர் தாங்கள் பார்த்ததாகச் சொன்னார்கள், அவர்களும் பார்க்கவில்லை. காலையில் தலைமுழுகி, கூந்தலை முடியாமலே பஸ் ஏறிப் போனாள். மண்டிக்கு முன்னால் அல்ல, முதலாளி வீட்டு வாசலுக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து எதுவும் பேசாமல் மாட்டுக்குத் தண்ணி வைத்தாள். அப்பத்தா அவள் கையையே பார்த்தாள். நகத்துக்குள் மண் இருந்தது. "தூத்திட்டியாத்தா?" என்று கேட்டாள். "ம்" என்றாள். "புள்ளைக இருக்காடி அந்த வீட்டுல?" என்று அடுத்த கேள்வி. சின்னாத்தா அதற்குப் பதில் சொல்லவில்லை.

திருப்பாலைக்குடிப் பக்கமிருந்து கருவாடு கொண்டுவருகிற லாத்தா, முஸ்லிம் வீட்டு அக்கா, ஒருத்தர் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் கூடையை இறக்குவார். விசயம் கேள்விப்பட்டு அவர்தான் சின்னாத்தாவிடம் சடைத்துக்கொண்டார். "நீ எதுக்குத் தங்கச்சி வாயத் தொறந்த? அநியாயம் பண்ணப்பட்டவளோட துஆவுக்கும் அல்லாவுக்கும் நடுவுல தெரை கெடையாது. நீ சும்மா கண்ணீர் விட்டிருந்தாலே போய்ச் சேந்துருக்கும். அவுக பேருல பத்துவாச் செஞ்சு உன் நாக்க ஏன் கசப்பாக்கிக்கிட்ட?" சின்னாத்தா கருவாட்டை எண்ணிக்கொண்டே சொன்னாள்: "கண்ணீருதான் விட்டேன் லாத்தா. ஆறு மாசமா விட்டேன். அல்லாவுக்குத் தெரை இல்ல சரி. மண்டிக்காரனுக்கு இருக்கே."

அதற்குப் பிறகும் பணம் வரவில்லை. அப்போதுதான் கொல்லங்குடிப் பேச்சு வந்தது. தொண்டியிலிருந்து மதுரைக்குப் போகிற சாலையில் காளையார்கோவிலைத் தாண்டினால் கொல்லங்குடி, அங்கே வெட்டுடையார் காளி. ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் கோர்ட்டில் நிற்காத வழக்கெல்லாம் அங்கே போகும். களவு கொடுத்தவன், பாகம் கிடைக்காத தம்பி, கை நீட்டிக் கடன் கொடுத்துவிட்டு நிற்பவன் எல்லாரும் காளி முன்னால் ஒரு காசை வைத்து இரண்டாக வெட்டிப் போடுவார்கள். காசு வெட்டிப் போட்டுவிட்டான் என்றால் எதிராளி ஊரில் தலை நிமிர்ந்து நடக்க மாட்டான். அந்தச் சாமியைப் பற்றிச் சொல்லப்படும் கதையும் அதற்குத் தக்கதுதான். 1772 இல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதத் தேவர் கொல்லப்பட்டபின், தப்பிப் போன வேலுநாச்சியாரின் வழியைக் காட்டச் சொல்லி வெள்ளைக்காரப் படை உடையாள் என்ற பெண்ணை மிரட்டியது, அவள் சொல்ல மறுத்து வெட்டுப்பட்டாள், சீமையை மீட்டுத் திரும்பிய நாச்சியார் தன் தாலியையே அவளுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார் என்பார்கள். சாட்சி சொல்லாததற்காகச் செத்தவளிடம்தான் சனங்கள் சாட்சி கேட்டுப் போகிறார்கள்.

பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். திருவாடானையில் பஸ் மாறினோம். கோயிலில் எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் கத்துவார்கள், அழுவார்கள், சாமி வந்து ஆடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ரேசன் கடை வரிசை போலத்தான் இருந்தது. சின்னாத்தா முந்தானையிலிருந்து நாலணாக் காசை எடுத்து வைத்தாள். பிறகு பேசத் தொடங்கினாள். அந்தப் பேச்சு இன்றைக்கும் எனக்கு அச்சுப் பிசகாமல் நினைவிருக்கிறது என்று சொல்ல முடியாது, ஆனால் அதன் தோரணை மறக்கவில்லை. எத்தனை சாக்கு, என்ன எடை, கழிவு எவ்வளவு, சீட்டு யார் எழுதினது, எந்தக் கிழமை போனபோது யார் என்ன சொன்னது. மேல்வீட்டு அக்காவிடம் கணக்கு ஒப்பிக்கிற குரல். அவன் சாகட்டும், குடி அழியட்டும் என்று ஒரு சொல் வரவில்லை. "எனக்கு உள்ளது எனக்கு வரணும். இல்லன்னா நீ பாத்துக்க" என்று முடித்தாள். காசு வெட்டுப்பட்டது. (நாணயத்தை அழிப்பது இன்றைக்கு 2011 நாணயச் சட்டப்படி குற்றம். காளி பேரில் யாரும் வழக்குப் போட்டதாகத் தெரியவில்லை.)

இதைப் படிப்பில்லாத சனங்களின் மூடநம்பிக்கை என்று ஒதுக்கியிருப்பேன், நல்ல வேளையாக எஸ்.எம். கமாலின் 'சேதுபதி மன்னர் செப்பேடுகள்' புத்தகம் கையில் கிடைத்தது. ராமநாதபுரத்து வரலாற்றுக்காக வாழ்நாளைக் கொடுத்தவர் கமால். அதில் உள்ள செப்பேடுகளைப் படித்துக்கொண்டே போனால் எல்லாம் ஒரே வார்ப்பில் இருக்கும். முதலில் ராசாவின் பட்டப்பெயர்கள் பத்தி பத்தியாக. எத்தனை படையை வென்றவர், யாருக்குக் கண்டன், யாருக்கு மிண்டன். பிறகு எந்த ஊர், எந்தக் கோயில் அல்லது பள்ளிவாசல் அல்லது மடம், நான்கு எல்லை. கடைசியில், அத்தனை யானையும் குதிரையும் வைத்திருந்த அந்த ராசா என்ன செய்கிறார் தெரியுமா? சின்னாத்தா செய்ததைச் செய்கிறார். இந்தத் தருமத்தைக் காப்பவர்களுக்குப் புண்ணியம் சொல்கிறார், கெடுப்பவர்கள் கங்கைக்கரையிலும் சேதுக்கரையிலும் காராம்பசுவையும் பெற்றவர்களையும் கொன்ற பாவத்தில் போகட்டும் என்று சபிக்கிறார்.

கல்வெட்டுக்காரர்கள் இதற்கு ஓம்படைக்கிளவி என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். சேதுபதிகளுக்கு மட்டும் உரியதல்ல. பல்லவர், சோழர், பாண்டியர் எல்லாருடைய கல்லிலும் உண்டு. காப்பவன் கால் என் தலைமேல் என்று ராசாவே சொல்லிவிட்டு, மறுவரியில் அழிப்பவனைச் சபிப்பார். தக்காணத்துச் சாசனங்கள் சிலவற்றில் இன்னும் முன்யோசனை. அழிப்பவன் இந்துவானால் பசுவைத் தின்ற பாவம், முஸ்லிமானால் பன்றியைத் தின்ற பாவம் என்று ஆளுக்குத் தகுந்தபடி பிரித்து எழுதியிருக்கும். இதை எழுதச் சொன்னவர்களிடம் படை இருந்தது, சிறை இருந்தது. ஆனால் உயிரோடு இருக்கும் வரைதானே அது. செத்த பிறகு தான் கொடுத்த நிலத்தை இன்னொருவன் பிடுங்கினால் தடுக்க ராசாவிடம் ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் அவரும் துண்டுச் சீட்டோடு மண்டி வாசலில் நிற்கிறவர்தான். தாமிரத்தில் வெட்டியிருந்தாலும் அது கைப்பிடி மண்.

இப்போது எங்கள் பக்கத்தில் மண்ணை வாருவது குறைந்துவிட்டது. மனு எழுதுகிறார்கள். உப்பூரில் 1,600 மெகாவாட் அனல்மின் நிலையம் வருகிறது என்றபோது விளைநிலமும் கடலும் போகும் என்று விவசாயிகளும் மீனவர்களும் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள். 2021 இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது, வேலை நின்றுபோனது. அது வேறு கதை, பெரிய கதை. அந்த நாட்களில் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு பையன் செல்போனில் மனுவைக் காட்டினான். தேதி, சர்வே எண், விதி எண் எல்லாம் ஒழுங்காக இருந்தது. சின்னாத்தா காளியிடம் சொன்ன ஒழுங்குதான். ஆனாலும் தமிழ்நாட்டில் ஏதோ ஒரு கலெக்டர் ஆபீஸ் வாசலில், திங்கட்கிழமை மனுநாளில், அதிகாரியைப் பார்க்க முடியாமல் திரும்புகிற ஒரு கிழவி குனிந்து மண்ணை வாருகிற படம் வருசத்துக்கு ஒரு தடவையாவது பேப்பரில் வந்துவிடுகிறது. போலீஸ்காரர்கள் ஓடி வந்து கையைப் பிடிப்பார்கள். மனுவைப் பிடுங்க யாரும் ஓடிவருவதில்லை.

மண்டிக்காரர் விசயத்துக்கு வருகிறேன். கொல்லங்குடியில் வெட்டின காசின் சத்தம் எப்படி டவுன் வரைக்கும் கேட்டதோ தெரியாது. எனக்குச் சாபத்தில் நம்பிக்கை இல்லை. மண்டிக்காரருக்கு இருந்தது. அவருக்கு இல்லாவிட்டாலும் அவர் வீட்டம்மாவுக்கு இருந்தது. ஒரு நாள் மாலை அந்தம்மா பஸ்ஸில் எங்கள் ஊருக்கு வந்து, வீட்டுக்குள் வராமல் வேப்பமரத்தடியில் நின்றார். கையில் மஞ்சப்பை. கடைசிப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது என்றார். அப்பத்தா எழுந்து உள்ளே போய்விட்டாள். சின்னாத்தா பையை வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து, எச்சில் தொட்டு எண்ணினாள்.

"பாக்கி?" என்றாள்.

"தாரோம் அக்கா. அதுக்கு முன்னாடி நீங்க கொல்லங்குடி வந்து ஒரு வார்த்தை சொல்லிரணும்."

"பாக்கி வந்தா வார்த்தை வரும்."

அந்தம்மா அழுதார். சின்னாத்தா தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள், பிள்ளைக்கு என்ன வயசு என்று விசாரித்தாள், கஞ்சியில் என்ன போட்டுக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். பாக்கியில் பேச்சு மாறவில்லை. பத்துப் பதினைந்து நாளில் மீதியும் வந்தது, தரகைக்கூடக் கழிக்காமல். பிறகு இரண்டு தரப்பும் ஒரே பஸ்ஸில் கொல்லங்குடி போனார்கள். போகிற வழியில் டிக்கெட்டை யார் எடுப்பது என்று ஒரு சின்னச் சண்டை நடந்ததாம். பையனுக்குக் காய்ச்சல் நின்றுவிட்டது. அது மாத்திரையால் என்று டவுன் டாக்டரும், வார்த்தையால் என்று எங்கள் தெருவும் சொல்லிக்கொண்டன.

பாதிச் சாபம் திரும்பும் என்ற விதியைச் சின்னாத்தா மறக்கவில்லை. அந்த மழைக்காலத்தில் வரப்பில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கியபோது, "எனக்கு உள்ளது எனக்கு வந்துருச்சு" என்றாள். காளியிடம் கேட்ட அதே வார்த்தை. வைத்தியத்துக்கு யாரோ ஓரியூர் மண்ணைச் சொன்னார்கள். தொண்டிக்கு வடக்கே ஓரியூரில்தான் 1693 பிப்ரவரி 4 அன்று, கிழவன் சேதுபதி காலத்தில், அருளானந்தர் என்று நம் சனங்கள் அழைக்கும் ஜான் டி பிரிட்டோ தலை வெட்டப்பட்டார். அவர் ரத்தம் பட்டுச் சிவந்ததாகச் சொல்லப்படும் மண்ணை எல்லாச் சாதி சனமும் மதம் பார்க்காமல் எடுத்துக்கொண்டுபோய் நோய்க்குப் பூசுவார்கள். தன் கொலையாளிகளை அவர் சபிக்கவில்லை என்று அங்கே போன இடத்தில் ஒரு பாட்டி சொன்னதைக் கேட்டு, சின்னாத்தா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவுகளுக்கு வத்தல் காசு பாக்கி இல்ல" என்றாள். மண்ணை மட்டும் பயபக்தியாக முந்தானையில் முடிந்துகொண்டாள். கால் தேறிற்று, கொஞ்சம் சாய்த்துத்தான் நடந்தாள்.

மறு பங்குனியில் மிளகாய் நன்றாக விளைந்தது. எந்த மண்டிக்குப் போடப் போகிறாய் என்று அப்பத்தா கேட்டதற்கு, அதே மண்டிதான் என்றாள். வேறு யாரிடம் போனாலும் புதிதாக ஏமாற வேண்டும், இவன் ஒரு தடவை பட்டவன் என்பது அவள் கணக்கு. மாட்டுவண்டி மண்டி வாசலில் நின்றது. முதலாளியே வெளியே வந்து வாங்க என்றார். ரொக்கம் முழுவதும் எண்ணிச் சுருக்குப்பையில் போட்ட பிறகுதான் முதல் சாக்கை இறக்கவிட்டாள்.